கேள்வி–பதில்: ஜி1, ஜி2, ஜி3... எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிப்பது?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்று மாணவர்களைப் பிரித்த முறை, 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிடமிருந்து இல்லாமல் போனது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி நிலை: ஜி1 எளிது, ஜி2 நடுத்தரம், ஜி3 மூன்றிலும் கடினம். வந்திருக்கும் கடிதங்களைப் படித்தால், பெற்றோரில் பலர் புது முறையை இன்னும் பழைய கணக்கிலேயே பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால் இந்த இதழின் கேள்வி–பதில் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 22 புள்ளி. தமிழ் ஏஎல்4, ஆங்கிலம் ஏஎல்5, அறிவியல் ஏஎல்6, கணிதம் ஏஎல்7 (ஏஎல் என்பது ஒரு பாடத்தில் எடுத்த அடைவுநிலை; 1 மிக நல்லது, 8 கடைசி). போஸ்டிங் குரூப் 2, 3 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். ‘கிடைக்கிறபோது 3ஐ எதற்கு விட வேண்டும்?’ என்பது என் கணவரின் கட்சி. எனக்குக் கணிதத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
— வாசகி, உட்லண்ட்ஸ்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு குரூப் 2தான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைப் பாடம் பாடமாகப் பார்ப்போம்.

முதலில் எல்லைகள். மொத்தப் புள்ளி 4 முதல் 20 வரை என்றால் குரூப் 3. 21, 22 என்றால் 2 அல்லது 3. 23, 24 என்றால் 2. 25 என்றால் 1 அல்லது 2. 26 முதல் 30 வரை குரூப் 1. அதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல்7 அல்லது அதைவிட நல்ல நிலை வேண்டும். குரூப் என்பது பள்ளியில் இடம் ஒதுக்கவும், தொடக்கத்தில் பெரும்பாலான பாடங்களை எந்த நிலையில் படிப்பது என்று முடிவுசெய்யவும் பயன்படும் எண். குரூப் 3இல் போனால் பெரும்பாலும் ஜி3. 2இல் போனால் பெரும்பாலும் ஜி2.

ஆனால் குரூப் 2இல் சேர்கிறவர் எல்லாவற்றையும் ஜி2இல் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கில் எதில் ஏஎல்5 அல்லது அதைவிட நல்ல நிலை எடுத்தாரோ, அதை முதல் நாளிலிருந்தே ஜி3இல் படிக்கலாம். உங்கள் மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் அந்தக் கோட்டுக்குள் வருகின்றன. ஆகவே குரூப் 2இல் சேர்ந்தால் தமிழ், ஆங்கிலம் ஜி3. கணிதம், அறிவியல் ஜி2. அவருடைய தேர்வு முடிவு காட்டுவதும் இதையேதான். குரூப் 3இல் சேர்ந்தால் கணிதமும் ஜி3இல் தொடங்கும். ஏஎல்7 என்றால் 20க்கும் 44க்கும் இடைப்பட்ட மதிப்பெண். பின்னமும் விகிதமும் இன்னும் கைக்கு வராத பிள்ளை, உயர்நிலை ஒன்றின் முதல் தவணையிலேயே எதிர்ம எண்களையும் இயற்கணிதத்தையும் ஜி3 வேகத்தில் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு பள்ளியோடு பேசி நிலையை இறக்கிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதற்குள் பிள்ளையின் மனம் எவ்வளவு நொந்துபோகும் என்பதை யோசியுங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பள்ளியும் குரூப் வாரியாகத் தனித்தனி இடங்களை வைத்திருக்கிறது. 22 புள்ளி குரூப் 3இல் கடைசிப் படி. குரூப் 2இலோ கிட்டத்தட்ட முதல் படி. அதே 22ஐ வைத்துக்கொண்டு குரூப் 2இல் போட்டியிட்டால், வீட்டுக்கு அருகில் உள்ள, அவருக்குப் பிடித்த இணைப்பாட நடவடிக்கை உள்ள பள்ளி கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆறு பள்ளிகளை எழுதும்போது ஒவ்வொன்றிலும் சென்ற ஆண்டு அந்த குரூப்பில் கடைசியாகச் சேர்ந்தவரின் புள்ளியைப் பாருங்கள். ஆறில் குறைந்தது இரண்டு, அந்தக் கடைசிப் புள்ளி 24 அல்லது 25ஆக இருக்கும் பள்ளிகளாக இருக்கட்டும். ஒரே புள்ளியில் பலர் மோதினால் முதலில் குடியுரிமை, அடுத்து விருப்ப வரிசை, கடைசியில் கணினிக் குலுக்கல்.

உங்கள் கணவரின் கவலை பின்னாளைப் பற்றியது என்று நினைக்கிறோம். 2028 சேர்க்கையிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரியின் (பாலிடெக்னிக்) முதலாம் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2ஆக இருக்கலாம். மற்ற நான்கும் ஜி3. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் தொடக்கக் கல்லூரிக்கு ஐந்தும் ஜி3. உங்கள் மகளிடம் இரண்டு ஜி3 முதல் நாளே கையில் இருக்கும். உயர்நிலை இரண்டிலிருந்து வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றையும் உயர்ந்த நிலைக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் நன்றாக இருப்பவர் மூன்றாவது ஜி3ஐ அங்கே தேடலாம். அறிவியலை உயர்நிலை ஒன்றின் முடிவில் உயர்த்தப் பார்க்கலாம். கணிதத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

திருச்சியிலிருந்து வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ‘நாலு பாடத்திலும் சேர்த்து 400க்கு 280’ என்றால் எங்களுக்குப் புரியும். இந்த ஏஎல் கணக்கு புரியவே இல்லை.
— வாசகர், பொங்கோல்

90உம் அதற்கு மேலும் ஏஎல்1. 85–89 ஏஎல்2. 80–84 ஏஎல்3. 75–79 ஏஎல்4. 65–74 ஏஎல்5. 45–64 ஏஎல்6. 20–44 ஏஎல்7. 20க்குக் கீழ் ஏஎல்8. நான்கையும் கூட்டினால் மொத்தப் புள்ளி. குறைந்தால் நல்லது.

நீங்கள் சொன்ன 280ஐயே எடுத்துக்கொள்வோம். நான்கிலும் 70 வாங்கியவருக்கு நான்கு ஏஎல்5, மொத்தம் 20. 95, 85, 60, 40 என்று வாங்கியவருக்கும் கூட்டுத்தொகை 280தான். ஆனால் 1, 2, 6, 7 சேர்ந்து 16. கூட்டுத்தொகையில் ஒட்டி நின்ற இருவர் இங்கே நான்கு புள்ளி விலகி நிற்கிறார்கள். ஆகவே மொத்த மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பாடமும் எந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். 64க்கும் 65க்கும் இடையே இருப்பது ஒரே மதிப்பெண். ஆனால் குரூப் 1, 2 மாணவருக்கு அந்தப் பாடத்தை ஜி3இல் தொடங்கலாமா என்பதை முடிவுசெய்வது அதுதான். 50இலிருந்து 60க்கு ஏறினாலோ ஏஎல்6இலேயே இருப்பார்.

தொடக்கநிலை ஐந்தில் ஒரு பாடத்தை அடிப்படை நிலையில் எடுத்திருந்தால் அதற்கு ஏ, பி, சி என்று தனித் தரம். மொத்தத்தில் கூட்டும்போது ஏ என்பது ஏஎல்6க்கும், பி ஏஎல்7க்கும், சி ஏஎல்8க்கும் சமம். ஏ எடுத்தால் அந்தப் பாடத்தை உயர்நிலையில் ஜி2இல் தொடங்கலாம். நேராக ஜி3க்குப் போக முடியாது. தொடக்கநிலை நான்கின் முடிவில் பள்ளி அடிப்படை நிலையைப் பரிந்துரைக்கும்போது, பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

எங்கள் காலத்தில் விரைவுநிலை, வழக்கநிலை என்று இருந்தது. வழக்கநிலையில் படித்தவர்கள் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். இப்போது ஜி1, ஜி2, ஜி3 என்கிறார்கள். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றியிருக்கிறார்களா?
— பெரியவர் ஒருவர், ஈசூன்

ஐயா, உங்கள் கேள்வியின் கசப்பு புரிகிறது. முழுப் பதில் சொல்ல வேண்டுமானால் பிரிவினை ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1970களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை, ஒரே வேகத்தில், வீட்டில் பேசாத மொழியிலும் சேர்த்துப் படித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உயர்நிலைக் கல்வியை முடிக்காமலே வெளியேறினார்கள். அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979ல் அறிக்கை தந்தது. அதன்படி பிரிவுகள் வந்தன. 1994ல் வழக்கநிலை தொழில்நுட்பம் என்ற பிரிவும் சேர்ந்தது. பாதியில் படிப்பை விடுவோர் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழ் குறைந்தனர். இது சிறிய சாதனை அல்ல. பிரிவினையைக் குறை சொல்லும் யாரும் இதை மறைக்கக் கூடாது.

அதற்குக் கொடுத்த விலையை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். 12 வயதில் எழுதிய ஒரு தேர்வு, பிள்ளை எந்த வகுப்பில் உட்காருவது, யாரோடு பழகுவது, எந்தப் பாடநூலைத் திறப்பது என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. தமிழில் கெட்டிக்காரனாக இருந்தவன்கூட, கணிதம் வராததால் தமிழையும் கீழ்நிலையில் படித்தான். பிழை அந்தக் கட்டில்தான் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கணிதத்தை மெதுவாகச் சொல்லித் தருவதில் அவமானம் ஏதுமில்லை. கணிதம் மெதுவாக வருகிறது என்பதற்காக அவனையே ‘மெதுவானவன்’ ஆக்கியதுதான் அநியாயம்.

அந்தக் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார்கள். 2014ல் 12 உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கநிலை மாணவர்கள் சில பாடங்களை உயர்ந்த நிலையில் படிக்கும் சோதனை முயற்சி நடந்தது. 2018ல் அது மற்றப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிரிவுகளையே எடுத்துவிடுவதாக 2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2020ல் 28 பள்ளிகளில் முன்னோட்டம் நடந்தது. 2024 முதல் புது முறை.

இப்போது ஒரே வகுப்பறையில் மூன்று குரூப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவு–பயனீட்டாளர் கல்வி, நற்குணமும் குடியியலும் ஆகிய ஆறு பாடங்களையும் சேர்ந்தே படிக்கிறார்கள். பாடநேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. மற்ற நேரம் பாடத்துக்கேற்ப அவரவர் வகுப்புக்குக் கலைந்து போய், மீண்டும் கூடுகிறார்கள். 2024ல் சேர்ந்தவர்கள் 2027ல் எழுதுவது ஒரே பொதுத் தேர்வு. பழைய ‘ஓ’ நிலை, ‘என்’ நிலை என்ற இரண்டு சான்றிதழ்களுக்குப் பதில் ஒரே சான்றிதழ். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே அதன் நிலையும் தரமும் இருக்கும்.

ஆகவே வெறும் பெயர் மாற்றம் அல்ல. ஆனால் அதைப் பெயர் மாற்றமாக ஆக்கிவிடும் சக்தி நம் வீடுகளுக்கு உண்டு. ‘அவன் ஜி1 பையன்’ என்று ஒரு மாமா விருந்தில் சொன்னால் போதும், பழைய முத்திரை திரும்பி வந்துவிடும். ‘கணிதம் ஜி1இல் படிக்கிறான், தமிழ் ஜி3இல் படிக்கிறான்’ என்று பாடத்தோடு சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். பேரப்பிள்ளைகளிடம் நீங்கள் இப்படிப் பேசத் தொடங்கினால் வீட்டில் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.

நான் உயர்நிலை 1. போஸ்டிங் குரூப் 1. கணிதம் ஜி1இல் படிக்கிறேன். ஜி2க்குப் போக ஆசை. யாரிடம் கேட்பது, என்ன செய்வது?
— மாணவர், சுவா சூ காங்

தம்பி, கேட்டது நல்லது. முதலில் கணித ஆசிரியரிடம் போ. ‘நான் ஜி2க்குப் போகலாமா?’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ‘ஜி2க்குப் போக எந்த மதிப்பீட்டில் எவ்வளவு எடுக்க வேண்டும்? எந்தத் தேதிக்குள் முடிவு செய்வீர்கள்?’ என்று கேள். நிலையை மாற்றும் அளவுகோல் பள்ளிக்குப் பள்ளி மாறும். அரையாண்டுத் தேர்வுகளை எடுத்துவிட்டதால், டபிள்யூஏ எனப்படும் தவணை மதிப்பீடுகளும் ஆண்டிறுதித் தேர்வும்தான் உன் சாட்சிகள். முதல் தவணை டபிள்யூஏவைச் சின்னத் தேர்வு என்று விட்டுவிடாதே.

அடுத்தது நீயே செய்ய வேண்டிய சோதனை. கணிப்பான் இல்லாமல் இந்த ஐந்தையும் 10 நிமிடத்தில் போட்டுப் பார்:

−7 + 3
¾ − ⅔
240இல் 15 விழுக்காடு
2x + 3 = 11 என்றால் x எவ்வளவு?
3(x − 2) − 2(x − 5) என்பதைச் சுருக்கு.

விடைகள் வரிசையாக −4, 1/12, 36, 4, x + 4. கடைசிக் கணக்குக்கு x − 16 என்று வந்திருந்தால், −2ஐ −5ஆல் பெருக்கும்போது குறியைத் தவறவிட்டிருக்கிறாய். ஜி1இலிருந்து மேலே போகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அதுதான். இரண்டாவது தவறியிருந்தால் முதலில் தொடக்கநிலை ஐந்தின் பின்னங்களுக்குத் திரும்பு. பின்னம் தெரியாமல் இயற்கணிதத்தில் எவ்வளவு முட்டினாலும் நகராது.

பிறகு ஜி2 பாடநூலை நூலகத்திலோ நண்பனிடமோ வாங்கு. உன் நூலின் தலைப்புகளையும் அதன் தலைப்புகளையும் ஒரே தாளில் அருகருகே எழுது. இரண்டிலும் இருப்பவற்றில் அடிக்கோடிடு. மிஞ்சி நிற்பதுதான் இடைவெளி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், ஒரு நேரத்துக்கு ஒரு தலைப்பு. புரிந்தது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பாதே; நூலை மூடிவிட்டு ஐந்து கணக்கில் நான்கு சரியாக வந்தால் மட்டும் அடுத்த தலைப்பு. மேலே போவதென்றால் உயர்நிலை ஒன்றின் முடிவில் போவது சுலபம். ஒவ்வோர் ஆண்டும் தள்ளத் தள்ள இடைவெளி அகலும்.

தமிழில் உனக்கு என்ன ஏஎல் என்று நீ எழுதவில்லை. 5 அல்லது அதைவிட நல்லது என்றால், தமிழை ஜி3இல் படிக்கும் தகுதி உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதையும் கேட்டுப் பார்.

தமிழை ஜி3இல் எடுத்தால் சுமை என்று மகன் ஜி2 கேட்கிறான். அவனுக்கு ஏஎல்3. உயர்தமிழ் பற்றியும் சொல்லுங்கள்.
— வாசகி, தெம்பனிஸ்

ஏஎல்3 எடுத்த பிள்ளைக்கு ஜி2 தமிழ் தேவையில்லை. மற்றப் பாடங்கள் ஜி2ஆக இருந்தால், தமிழ்தான் அவனுக்கு முதல் ஜி3. அதைக் கைவிட்டால் மேற்படிப்புக்குத் தேவையான ஜி3களில் ஒன்றை வேறெங்காவது கஷ்டப்பட்டுத் தேட வேண்டும்.

உயர்தமிழ் என்பது வழக்கமான தமிழைவிடக் கடினமான தமிழ்ப் பாடம். அதற்குத் தகுதி: மொத்தப் புள்ளி 8 அல்லது அதைவிட நல்லது, அல்லது 9 முதல் 14 வரை இருந்து, தமிழில் ஏஎல்1, ஏஎல்2 அல்லது தொடக்கநிலை உயர்தமிழில் ‘மிகச் சிறப்பு’, ‘சிறப்பு’ நிலை. இதற்கு வெளியே உள்ளவர்களையும் தமிழில் திறன் இருந்தால் பள்ளி சேர்த்துக்கொள்ளலாம். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். சுமை என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி அந்தப் பயணக் களைப்பு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே, தமிழ் அங்கேயே நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மதுரை மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நான். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர், மூன்று செக்‌ஷன். எட்டாம் வகுப்பு மதிப்பெண்படி ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று பிரித்தால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கூடும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். சிங்கப்பூர் முறையில் எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா?

ஐயா, செக்‌ஷனை மதிப்பெண்படி பிரிக்காதீர்கள். சிங்கப்பூர் 40 ஆண்டு கழித்து விட்டொழித்த பகுதி சரியாக அதுதான். எடுத்துக்கொள்ளக்கூடியது, பாடத்துக்கு மட்டும் குழு மாற்றுவது.

முதலில் செக்‌ஷன். 120 பேரையும் மதிப்பெண் வரிசையில் எழுதுங்கள். முதல் மூவரை ஏ, பி, சி என்றும் அடுத்த மூவரைச் சி, பி, ஏ என்றும் போடுங்கள். பாம்பு வளைவதுபோல முன்னும் பின்னுமாக 120 வரை போனால் மூன்று செக்‌ஷனும் சமமாக வரும். பிறகு ஆண்–பெண் எண்ணிக்கை, ஊர்வாரி நிலவரம் பார்த்துச் சிலரை மாற்றிக்கொள்ளலாம். ஊர்வாரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: மதிப்பெண்படி பிரித்த பள்ளிகளில் கடைசி செக்‌ஷன் ஏதோ ஒரு தெருவின் செக்‌ஷனாக ஆகிவிடும் ஆபத்து நம் மண்ணில் எப்போதும் இருக்கிறது.

அடுத்து கணிதத்துக்கு மட்டும் குழு. மூன்று செக்‌ஷனுக்கும் கணிதப் பாடவேளை ஒரே நேரத்தில் வர வேண்டும். கால அட்டவணை போடும்போது இதைத்தான் முதலில் பூட்ட வேண்டும். மூன்று ஆசிரியர்கள் வேண்டும். குழுப் பிரிக்க எட்டாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். மனப்பாட விடைகளும் அகமதிப்பீடும் அதில் கலந்திருக்கும். ஆறு முதல் எட்டு வரையிலான அடிப்படைகளில் 25 வினா, 45 நிமிடம்: பின்னம் 5, முழுக்கள் 5, விகிதம்–சதவீதம் 5, இயற்கணிதம் 5, வடிவியல் 5. திருத்தும்போது 25க்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், ஐந்து கட்டங்களில் எந்தக் கட்டம் காலி என்று பட்டியல் போடுங்கள். 12 வாங்கிய இருவரில் ஒருவருக்குப் பின்னமும், இன்னொருவருக்கு இயற்கணிதமும் வராமல் இருக்கலாம். மருந்து வேறு வேறு.

குழு அளவு 47, 43, 30 என்று இருக்கட்டும். அடிப்படை தேவைப்படுவோரின் குழு சிறியதாக இருக்க வேண்டும். உங்கள் பள்ளியின் மிகச் சிறந்த கணித ஆசிரியர் அந்த 30 பேருக்கே போக வேண்டும். இந்த ஒன்றைச் செய்ய மனமில்லையென்றால் முழுத் திட்டத்தையும் விட்டுவிடுங்கள். கடைசிக் குழுவுக்குப் புதிதாக வந்தவரையோ, வேறு பாட ஆசிரியரையோ அனுப்பும் வழக்கம்தான் உலகமெங்கும் குழு முறையைக் கெடுத்திருக்கிறது.

இங்கிலாந்தில் பாடவாரிக் குழுக்கள் நெடுங்காலமாக உண்டு. கணிதத்தில் நடந்த ஓர் ஆய்வு, மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் முந்தைய மதிப்பெண்ணுக்குப் பொருந்தாத குழுவில் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டது. கறுப்பின மாணவர்களும் பெண் பிள்ளைகளும் கீழே தள்ளப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நடத்தை, ஆசிரியரின் அபிப்பிராயம் எல்லாம் அதற்குள் நுழைந்துவிடுகின்றன. ஆகவே சோதனைத் தாள் மட்டும் பேசட்டும். ‘அவன் சேட்டைக்காரன்’ என்பது கணிதக் குழுவுக்குக் காரணம் அல்ல.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவிலான இன்னொரு சோதனை வைத்துக் குழுவை மாற்றுங்கள். மாற்றும் தேதிகளை ஜூனிலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடிப்படைக் குழு பின்னத்திலேயே இரண்டு மாதம் இருந்தால், மேலே மாறும் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதப் பாடம் தெரியாது. மாறிய வாரமே திணறிக் கீழே திரும்பும். அதனால் மூன்று குழுவும் ஒரே வாரத்தில் ஒரே இயலில் இருக்க வேண்டும்; ஆழம் மட்டும் மாறலாம். காரணிப்படுத்துதல் நடக்கும் வாரத்தில் அடிப்படைக் குழு 6x + 9இல் பொதுக் காரணி எடுத்து, x² + 5x + 6 வரை வரட்டும். நடுக்குழு அங்கிருந்து தொடங்கி 2x² − x − 6க்குப் போகட்டும். முதல் குழு அதையே சொற்கணக்கில் சந்திக்கட்டும். பின்ன இடைவெளியை அடைக்கப் பாடவேளையின் முதல் 10 நிமிடம் போதும், நாள் தவறாமல் செய்தால்.

கணிதத்துக்கு ஒரே பட்டதாரி ஆசிரியர்தான் என்றால் மேலே சொன்னது நடக்காது. அப்போது செக்‌ஷனுக்குள்ளேயே 15 நிமிடம் மட்டும் பயிற்சித்தாளை மூன்று ஆழத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்களே, அந்த அனுபவம் உள்ள ஆசிரியர் உங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இருப்பார். ஒருநாள் அழைத்துப் பேசுங்கள். வகுப்புக்குள் குழுவை எப்படி நடத்துவது என்பது நம்மில் பலரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ், சமூக அறிவியல், அறிவியல் ஆகியவற்றுக்குக் குழு வேண்டாம். கலந்தே இருக்கட்டும்.

என் மகள் உயர்நிலை இரண்டில் ஜி3 அறிவியலில் இரண்டு முறை தேறவில்லை. ஜி2க்கு இறக்கலாம் என்று பள்ளி சொல்கிறது. ஒப்புக்கொள்வதா, மேல்முறையீடு செய்வதா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். உண்மைகளை நினைவுகூரும் கேள்விகளில் மதிப்பெண் இருந்து, விளக்கம் எழுதும் கேள்விகளில் மட்டும் போயிருந்தால் அது பெரும்பாலும் மொழிச் சிக்கல். ‘ஏன்’ என்ற கேள்விக்குக் காரணத்தையும் விளைவையும் இரண்டு வரியில் எழுதப் பழக்கினால் ஒரே தவணையில் மாற்றம் தெரியும். அதைச் சொல்லி ஒரு தவணை அவகாசம் கேளுங்கள். அலகு மாற்றுவது, சூத்திரத்தில் எண்களைப் போடுவது, வரைபடம் வாசிப்பது எல்லாம் தவறியிருந்தால் சிக்கல் கணிதத்தில் வேர்விட்டிருக்கிறது. அப்போது ஜி2க்கு இறங்குவது சரி.

முடிவுக்கு முன் அவர் பின்னால் என்ன படிக்க ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளும் ஐந்து பாடங்களில் ஜி2ஆக இருக்கக்கூடிய அந்த ஒன்று ‘சிறந்த பாடங்கள்’ என்ற இடத்தில் வர வேண்டும். துறைக்குத் தொடர்புடைய பாடங்கள் ஜி3ஆகவே இருக்க வேண்டும். பொறியியல், சுகாதார அறிவியல் பக்கம் ஆசை இருந்தால் அறிவியலை இறக்குவது அந்த வழிகளைச் சுருக்கும். வணிகம், வடிவமைப்பு, ஊடகம் என்றால் பாதிப்பு மிகக் குறைவு. அறிவியலில் மிச்சமாகும் நேரம் மற்ற ஜி3களுக்குப் போகும். உயர்நிலை மூன்றுக்கான பாடத் தேர்வுப் படிவம் உயர்நிலை இரண்டின் கடைசித் தவணையில் வரும். அதற்கு முன் வகுப்பாசிரியர், அறிவியல் ஆசிரியர், மேற்கல்வி–வாழ்க்கைத்தொழில் ஆலோசகர் மூவரையும் ஒரே நாளில் சந்தித்துவிடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.